ஈசானி மூலையில் கிப்லா

குன்னூரில் எங்கள் வீட்டில் ஊட்டிப் பக்கம் பார்த்துத்தான் தொழுவோம். கல்யாணமாகி வந்த புதிதில் எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டேன். "ஊட்டி பஸ் போற பக்கம் பார்த்து நில்லு, தப்பாது" என்றார் என் வீட்டுக்காரர். அன்றிலிருந்து அப்படியே நிற்கிறேன். மூடுபனி இறங்கிவிட்டால் சூரியன் எங்கே எழுந்தது, எங்கே விழுந்தது என்று நாள்கணக்கில் தெரியாத ஊர். பஸ் சத்தம் மட்டும் கேட்கும். அது போதும்.

மக்காவை நோக்கித் தொழுகிற திசைதான் கிப்லா. எங்கள் ஆட்களுக்குக் கிப்லா என்றால் மேற்கு, மேற்கு என்றால் கிப்லா. மேற்கே காலை நீட்டிப் படுக்கக் கூடாது, மேற்கே பார்த்துத் துப்பக் கூடாது. வீடு கட்டும்போது கக்கூஸ் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று கொத்தனார் பின்னாலேயே அலைவோம். செத்தவர் மையத்தை அடக்கினாலும் தலை வடக்கே, முகம் மேற்கே. பிறந்ததிலிருந்து இதையே பார்த்து வளர்ந்த என் வீட்டுக்காரரிடம் போய் கிப்லா வேறு பக்கம் என்று சொன்னால் அவர் என்னதான் செய்வார்? நியாயமாகப் பார்த்தால் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. மகள் பிரசவத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

அவருக்கு பஜாரில் டீத்தூள் கடை. நான் கான்வென்ட்டில் தையல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். எங்களுக்கு ஒரே மகள். கனடாவில், டொராண்டோ பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். இரண்டு தடவை கரு கலைந்து, மூன்றாவது தங்கியிருந்தது. பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது, நாளுக்கு முன்னாலேயே ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்குத் தாய் தகப்பன் கிடையாது. ஆக, போனால் நாங்கள்தான் போக வேண்டும்.

நான் மட்டும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கு அவள், "நீ இங்க வந்து உக்காந்துக்கிட்டு, அத்தா மாத்திரை போட்டாரா, அத்தா படியேறுனாரான்னு புலம்பறதுக்கா? வந்தா ரெண்டு பேரும் வாங்க. இல்லாட்டி ஒருத்தரும் வேண்டாம், நானே பெத்துக்கறேன்" என்றாள். அவளுக்குப் பிடிவாதம் அவங்க அத்தா வழி, நாக்கு என் வழி. சொன்னால் செய்வாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் இவருக்கு கோயமுத்தூரில் ஸ்டென்ட் வைத்திருந்தோம்.

விசா வந்துவிட்டது. டிக்கெட் போட வேண்டியதுதான் பாக்கி. அந்த வாரத்தில்தான் மாப்பிள்ளை வீடியோவில் எங்களுக்காக ஒழித்து வைத்திருந்த அறையைக் காட்டினார். கட்டில், அலமாரி, ஜன்னல். ஒரு மூலையைப் பார்த்தாற்போல் தொழுகை விரிப்பு முசல்லாவைக் கோணலாக விரித்து வைத்திருந்தார்.

"மாமா, இந்த மூலையைப் பார்த்துத் தொழுதுக்கலாம். வடகிழக்கு."

"மாப்ளே, மக்கா நமக்கு மேற்கேதானுங்களே?"

"நம்மூருக்கு மேற்கு மாமா. இங்கிருந்து வடகிழக்கு."

இவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் அந்த மூலையை உற்றுப் பார்த்தார். பிறகு கட்டிலைக் காட்டச் சொன்னார். கால்மாடு எந்தப் பக்கம் என்று கேட்டார். மேற்கு என்றதும் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். பின்னாலிருந்து மகள் சிரித்துக்கொண்டே, "அத்தா, இங்க மேற்கே கால் நீட்டலாம், ஒண்ணும் தப்பில்லை" என்றாள். இவருக்கு முகம் செத்துவிட்டது. போனை வைத்ததும் என்னிடம் திரும்பி, "வடகிழக்குன்னா ஈசானி மூலையில்ல?" என்றார்.

ஈசானி மூலை இவருக்கு எப்படித் தெரியும் என்றால், எதிர்க்கடை உருளைக்கிழங்கு மண்டிக்காரர் வாஸ்து பார்த்து அந்த மூலையில்தான் சாமி படம் மாட்டியிருக்கிறார். தினம் காலையில் அங்கே ஊதுபத்தி ஏற்றுவதை இவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர் படகர், எங்களுக்கு வேண்டப்பட்டவர். இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மறுநாளே போய் அவரிடம் சொல்லியிருக்கிறார். அவருக்குக் கேட்க வேண்டுமா?

"அட, நல்ல மூலைங்ணா! ஈசானியப் பார்த்துக் கும்புட்டா கேட்டது கிடைக்கும். எங்க வழிக்கு வந்துட்டீங்க போங்க!"

ஒரு வாரம் பஜாரே இதைச் சொல்லிச் சிரித்தது. இவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து என்மேல் சிடுசிடுத்தார்.

பிறகு தொழுகை நடத்துகிற பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போனார். ஹஸ்ரத் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். "அந்த ஊர் ஜமாஅத் எந்தப் பக்கம் நிக்குதோ, அந்தப் பக்கம் நின்னுக்குங்க பாய், இதுல யோசிக்க ஒண்ணுமில்லை" என்றிருக்கிறார். அதோடு விட்டிருக்கலாம். "இங்கேயும் நேர் மேற்கு இல்லீங்களே. நம்ம பள்ளியிலயே மேற்கிலிருந்து வடக்கே கொஞ்சம் சாஞ்சுதான் ஸஃப்பு வரிசை போட்டிருக்கு" என்றும் சொல்லிவைத்தார். இவர் ஏதோ பறிகொடுத்தவர் மாதிரி வீட்டுக்கு வந்தார். ஐம்பது வருஷமாக நின்ற பள்ளி, அது சாய்ந்திருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது! நான் ரசம் தாளித்துக்கொண்டே சிரித்துவிட்டேன். அதற்கும் கோபம்.

போனில் கிப்லா காட்டுகிற வசதி இருக்கிறது என்று யாரோ சொல்ல, கடையில் தராசுக்குப் பக்கத்தில், இரும்பு எடைக்கல் நடுவில் வைத்துப் பார்த்திருக்கிறார். முள் பம்பரமாகச் சுற்றியிருக்கிறது. "இதை நம்பியா கோடிப்பேரு தொழுகறான்?" என்றார். பிடித்த முயலுக்கு மூணே கால் என்று நிற்கிற ஆளிடம் எடைக்கல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள் என்று சொல்லி என்ன பிரயோஜனம்?

எங்கள் வீட்டுக்குக் கீழ்ப் படியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டம்மா என்னோடு கான்வென்ட்டில் வேலை பார்த்த ஜாக்ரபி டீச்சர். சர்ச்சுக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் ஒரு வாய் டீ குடிக்காமல் போக மாட்டார். நடந்ததைச் சொன்னதும், "பாயைக் கூட்டிட்டு வாங்க. வரும்போது ஒரு நூல்கண்டும் எடுத்துட்டு வாங்க" என்றார்.

அவர் வீட்டில் பழைய உலக உருண்டை ஒன்று இருந்தது. டொராண்டோ இருக்கிற இடத்தில் என் வீட்டுக்காரரையே விரலால் நூலை அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையை மக்காவில் வைத்து இழுத்தார். நூல் விறைத்ததும் வடகிழக்காக ஏறி, அட்லாண்டிக் கடலைத் தாண்டி, இங்கிலாந்துப் பக்கமாகப் போய்ச் சரிந்து அரேபியாவில் இறங்கியது.

"இதுதான் பாய் குறுக்கு வழி. அவங்க சொல்ற மூலை சரிதான்."

 இவர் நூலை டீச்சர் கையிலிருந்து வாங்கி, தானே டொராண்டோவிலிருந்து மேற்கே இழுத்தார். பசிபிக் கடல் முழுக்க நூல் போனது. ஜப்பான் வந்தது, சீனா வந்தது. விரலால் நூலை வழுக்காமல் அழுத்திக்கொண்டே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். "பாருங்க டீச்சர், இப்படியும் போலாம். இது நம்ம குன்னூர் வழியாப் போகுது!" என்றார். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் முகத்தில் ஒரு சந்தோஷம்.

டீச்சர் சிரித்துவிட்டார். "ஊரைச் சுத்தித்தான் வருவேன்னா வாங்க பாய், யாரு வேண்டாம்னா? உங்க வழிக்கு நூல் ரொம்பச் செலவாகும்."

வீட்டுக்கு ஏறி வரும்போது, "சரி, புரிஞ்சுது. ஈசானி மூலைதான்" என்றார். அப்பாடா, ஒரு அக்கப்போர் தீர்ந்தது, நாளைக்கு டிக்கெட் போட்டுவிடலாம் என்று நான் நினைத்தேன்.

போடவில்லை. முதலில் கடையை யார் பார்ப்பது என்றார். தம்பி மகன் பார்த்துக்கொள்கிறேன் என்றான். சர்க்கரை கூடியிருக்கிறது என்றார். டாக்டர் தாராளமாகப் போகலாம் என்றார். அடுத்து இவர், அங்கே குளிர் தாங்காது என்றார். குன்னூரில் பிறந்து வளர்ந்து, மார்கழியிலும் விடியக் காலையில் பச்சைத் தண்ணியில் கைகால் கழுவித் தொழுகைக்கு ஒளு செய்கிற மனுஷன்! டிக்கெட் கிடைப்பது நாளுக்கு நாள் கஷ்டமாகிக்கொண்டிருந்தது. மகள் இரண்டு நாளாகப் போன் பேசவில்லை. மாப்பிள்ளைதான் கூப்பிட்டு, கால் வீங்கியிருக்கிறது, படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

என்னால் அடக்க முடியவில்லை. மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றை வைத்துவிட்டு எதிரே நின்றுகொண்டேன்.

"ஏனுங்க, உங்க மனசுல என்னதான் இருக்குது? போறதுன்னா போறேன்னு சொல்லுங்க, இல்லைன்னா அவளுக்கு இல்லைன்னு சொல்லிருங்க. அங்க அவ உசிரக் கையில பிடிச்சுட்டுக் கிடக்கறா. நீங்க இங்க நூல் இழுத்து விளையாடிட்டு இருக்கீங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அங்க எனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா?" என்றார்.

"ஆஸ்பத்திரி இருக்குது."

"ஆஸ்பத்திரிக்கு மிஞ்சி ஆச்சுன்னா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் தொழுகையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்க, இவர் அடங்கப்போகிற கபரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நம்ம மையவாடியில அத்தா இருக்காரு. அவருக்குக் கீழ அண்ணன். அண்ணனுக்குப் பக்கத்துல ஒரு இடம் இருக்குது. எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருக்காங்க. நான் மட்டும் எங்கியோ பனிக்குள்ள, தலை அக்கினி மூலையில, காலு வாயு மூலையில, மூஞ்சி ஈசானியில... கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்."

எட்டுத் திசையையும் மண்டிக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்குக் கோபம்தான் தலைக்கு ஏறியது. "மகளுக்கு வயித்து வலி, உங்களுக்குக் கபரு வலியா? யா அல்லாஹ், பெத்த பிள்ளையை விட மண்ணு பெரிசாப் போச்சா?" என்று கத்தினேன். அவர் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவிவிட்டார்.

அன்று சாயங்காலம் மகளே கூப்பிட்டாள். முகம் ஊதியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எடுத்த எடுப்பிலேயே, "டிக்கெட் போட்டாச்சா?" என்றாள். இவர் என்னைப் பார்த்தார். நான் ஏன் மறைக்க வேண்டும்?

"உங்க அத்தாவுக்கு அங்க வந்து மௌத்தாயிருவமோன்னு பயமாம். அங்க அடக்கினா ஈசானி மூலையப் பார்த்துப் படுக்கணுமாம். அது பிடிக்கலையாம்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அத்தா, நான் இங்க மௌத்தானா எந்தப் பக்கம் பார்த்துப் படுப்பேன்?"

"வாயில நல்ல வார்த்தை வராதா உனக்கு? விளக்கு வெக்கிற நேரத்துல என்ன பேச்சு இது?"

"சும்மாதான்த்தா கேக்கறேன். இந்தப் பிரசவத்துல போகலைன்னாலும் எண்பது வயசுல போவேன்ல? என்னை யாரும் குன்னூருக்குத் தூக்கிட்டு வரப்போறதில்லை. நீங்கதானே இங்க கட்டிக் குடுத்தீங்க. அப்ப இதை விசாரிச்சீங்களா?"

விசாரிக்காத விஷயமே கிடையாது அந்தக் கல்யாணத்தில். மாப்பிள்ளை தொழுவாரா, சிகரெட் குடிப்பாரா, ஹலால் கறி எத்தனை தூரத்தில் கிடைக்கும், பள்ளிவாசல் பக்கமா என்று போன் போட்டு போன் போட்டுக் கேட்டவர் இவர். இதை மட்டும் கேட்கவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டு, பாங்கு சொல்வதற்கு முன்னாலேயே பள்ளிக்குப் போய்விட்டார்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே, இப்படியா கேட்பாய் என்று திட்டினேன். "பின்னே எப்படிம்மா கேக்கறது?" என்றாள்.

ராத்திரி இஷா தொழுகை முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே, "டிக்கெட் போடச் சொல்லு" என்றார். நான் காரணம் கேட்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் ஆபரேஷன் நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெண் குழந்தை. அதன் காதில் பாங்கு சொல்ல மாப்பிள்ளை இவர் கையில்தான் கொடுத்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு, மயக்கம் தெளியாமல் கிடந்த மகள் பக்கம் குனிந்து, "எந்தப் பக்கம் கண்ணு?" என்று கேட்டார். அவள் ஊசி குத்தியிருந்த கையை லேசாகத் தூக்கி ஒரு பக்கம் காட்டினாள். சரியோ தப்போ, அந்தப் பக்கம் திரும்பி நின்று பாங்கு சொன்னார். நான் வேறு யாரையும் கேட்கவில்லை.

அங்கே நான்கு மாதம் இருந்தோம். எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் சூடு, வெளியே போனால் மூக்கு விறைத்துப்போகும். நல்ல டீத்தூள் கிடைக்காது, இவர் கொண்டுபோனது தீர்கிறவரைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. முதல் சில நாள் தொழுகைக்குத் தக்பீர் கட்டுவதற்கு முன்னால் இவர் ஒரு தடவை மேற்கு ஜன்னலைத் திரும்பிப் பார்ப்பார். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனும் மாப்பிள்ளையும் காரில் போனார்கள். பால் வாங்கப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். வர வெகு நேரமானது. வந்தவர் பூட்ஸில் சேறு. நான் குழந்தைத் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நல்ல இடம். சமதரை. நம்மூரு மாதிரி மழைக்கு மண்ணு இறங்கற வேலை இல்லை. எல்லாரும் ஒரே பக்கம்தான் பார்த்துப் படுத்திருக்காங்க."

"எங்கே போயிட்டு வர்றீங்க?"

"இங்கத்த மையவாடிக்கு. நான்தான் மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போகச் சொன்னேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டிலிருந்து கிளம்பிப் போய்ப் பார்க்கிற இடமா அது? நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"அங்க ஆபீஸ்ல ஒரு பெரியவர் இருந்தார். நமக்கு ரெண்டு இடம் கிடைக்குமான்னு கேட்டுட்டு வந்திருக்கேன்."

கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டேன். "அப்ப குன்னூரு?"

"குன்னூருல அத்தாவுக்கு அண்ணன் இருக்காரு, அண்ணனுக்கு அத்தா இருக்காரு" என்றார். மகள் தூங்குகிற அறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க இவ ஒருத்தியால்ல கிடப்பா."